ரப்பர் ஸ்பிரிங்: டிப்பர்ல இருந்து கூட்ஸ் வேகன் வரைக்கும், புதுசா கத்துக்கறவங்களுக்கு

டிப்பர் பட்டறைலயோ ரயில்வே வொர்க்‌ஷாப்லயோ அப்ரண்டிஸா சேர்ந்திருக்கீங்க, இல்ல க்வாரிக்கு ஓட்ட ரப்பர் சஸ்பென்ஷன் வெச்ச வண்டி எடுக்கலாமான்னு யோசிக்கிறீங்க, அப்படின்னா இது உங்களுக்காகத்தான். லீஃப் ஸ்பிரிங் பத்தி சொல்லித்தர ஊருக்கு ஊர் ஆள் இருக்காங்க, பட்டை உடைஞ்சா சத்தம் கேக்கும், வண்டி ஒரு பக்கம் சாயும், ரோட்டுல போறவங்களுக்கே தெரியும். ரப்பர் ஸ்பிரிங் அப்படி இல்ல, மாசக்கணக்கா மெதுவா கெட்டுட்டே வரும், வெளியில கருப்பா ஒரு கட்டை மாதிரி அப்படியே உக்காந்திருக்கும், எதைப் பாக்கணும்னு தெரிஞ்ச கண்ணுக்கு மட்டும்தான் மாட்டும்.

ஒரே ஒரு விஷயத்தை முதல்ல மனசுல ஏத்திக்கோங்க. ரப்பர் அமுங்காது, பிதுங்கும். டிசைன், ஃபிட்டிங், செக் பண்றது, கெட்டுப்போறது எல்லாமே இந்த ஒண்ணுல இருந்துதான் வருது.

முதல் படி: ஒரு அழி ரப்பரை கையில எடுங்க

ஸ்கூல் பசங்க வெச்சிருக்கற சாதா அழி ரப்பர் போதும். ரெண்டு விரலுக்கு நடுவுல வெச்சு அமுக்குங்க, சைடுல வயிறு மாதிரி தள்ளிட்டு வரும். இப்ப அதையே நாலு பக்கமும் இறுக்கமா இருக்கற ஒரு சின்ன டப்பால வெச்சு மேல இருந்து அமுக்கிப் பாருங்க, கல்லு மாதிரி நிக்கும். அதே ரப்பர்தான், அதே விரல்தான், பிதுங்க இடம் இல்ல, அவ்வளவுதான் வித்தியாசம். ரப்பரோட உருவத்தை மாத்தறது சுலபம், ஆனா அதோட கொள்ளளவைக் குறைக்கறது அதை விட ஆயிரம் மடங்குக்கு மேல கஷ்டம், கிட்டத்தட்ட தண்ணி மாதிரிதான். அதனால ஒரு ரப்பர் ஸ்பிரிங் எவ்வளவு கெட்டியா இருக்கும்ங்கறதை ரப்பர் மட்டும் முடிவு பண்றதில்ல, பிதுங்கறதுக்கு எவ்வளவு ஓரம் திறந்து கிடக்குங்கறதும் சேர்ந்துதான் முடிவு பண்ணுது.

இதுக்கு ஒரு கணக்கு இருக்கு, ஷேப் ஃபேக்டர்னு சொல்வாங்க. லோடு விழற பரப்பை, ஓரத்துல திறந்து கிடக்கற பரப்பால வகுத்தா வர்ற நம்பர். நம்பர் பெருசானா அமுக்கறப்ப கெட்டி, சின்னதானா மெத்து.

ரெண்டாவது படி: நடுவுல ஏன் இரும்புத் தகடுன்னு புரிஞ்சுக்கோங்க

பெரிய ரப்பர் ஸ்பிரிங் எதை எடுத்து வெட்டிப் பாத்தாலும் உள்ள அடுக்கடுக்கா ஸ்டீல் பிளேட் இருக்கும், ரப்பரும் பிளேட்டும் ஒட்டி வார்த்திருக்கும். முதல் தடவை பாக்கறவங்க பலம் சேக்கத்தான் இரும்பு வெச்சிருக்காங்கன்னு நினைப்பாங்க, அது பாதிதான் சரி. நிஜமான வேலை என்னன்னு ஒரு கணக்கு போட்டுப் பாத்துடலாம், பயப்படாதீங்க, கூட்டல் பெருக்கல்தான்.

200 மில்லிமீட்டருக்கு 200 மில்லிமீட்டர் சதுரமா, 50 மில்லிமீட்டர் உயரமா ஒரு ரப்பர் கட்டை, கடினம் (ரப்பர் எவ்வளவு இறுகலா இருக்குன்னு சொல்ற நம்பர்) 60. மேல பரப்பு 40,000, ஓரம் நாலு பக்கமும் சேத்து 800 தரம் 50, அதுவும் 40,000. ஷேப் ஃபேக்டர் 1. இந்தக் கட்டை மேல நேரா ஒரு டன் வெச்சா சுமார் 1.3 மில்லிமீட்டர் இறங்கும். இப்ப நடுவுல ஒரே ஒரு பிளேட் வெச்சு 25, 25ன்னு ரெண்டு அடுக்கா ஆக்கிடறோம். ரப்பர் அளவு அதேதான், ஆனா ஒவ்வொரு அடுக்குக்கும் ஷேப் ஃபேக்டர் 2 ஆயிடுச்சு, இப்ப அதே ஒரு டன்னுக்கு அரை மில்லிமீட்டர்தான் இறங்கும். ஒரு தகடு, ரெண்டரை மடங்குக்கு மேல கெட்டி.

இதுல முக்கியமான சங்கதி அடுத்ததுதான். அதே ஒரு டன்னை மேல இருந்து வைக்காம பக்கவாட்டுல தள்ளினா, அதாவது ஷியர்ல போட்டா, பிளேட் இல்லாதப்பவும் கிட்டத்தட்ட 12 மில்லிமீட்டர் நகரும், பிளேட் இருந்தாலும் அதே 12 மில்லிமீட்டர்தான். ஷியர்ல ரப்பர் பிதுங்கறதே இல்ல, சாயுது, அதனால தகட்டால அதுக்கு ஒண்ணும் ஆகாது. ஆக ஒரே கட்டை ஒரு திசையில கல்லு மாதிரி, இன்னொரு திசையில மெத்துன்னு இருக்கும். எந்தத் திசையில எவ்வளவு வேணும்னு தகட்டோட எண்ணிக்கையையும் சாய்வையும் மாத்தி முடிவு பண்ணிக்கலாம். காயில் ஸ்பிரிங் கூட பக்கவாட்டுல கொஞ்சம் வளையும்தான், ஆனா ஆக்சிலை இழுத்துப் பிடிச்சு நிறுத்த தனியா ஒரு ஆர்மோ ராடோ எதாவது வேணும். ரப்பர்ல சுமக்கறது, பிடிச்சு நிறுத்தறது, வழி விடறது மூணையும் ஒரே பீஸ் செஞ்சிடும், எனக்கு இந்த விஷயம் மேல இருக்கற ஆசைக்கு காரணமே இதுதான்.

மூணாவது படி: எங்க எந்த வடிவம்னு அடையாளம் கண்டுபிடிங்க

ரயில்ல நீங்க அதிகமா கேக்கப்போற பேர் செவ்ரான் ஸ்பிரிங். மேல இருந்து பாத்தா வி ஷேப்புல வளைஞ்ச பிளேட்டும் ரப்பரும் அடுக்கி இருக்கும், ஆக்சில் பாக்ஸுக்கு, அதாவது ஆக்சில் முனைல பேரிங் உக்காந்திருக்கற கூட்டுக்கு, முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணுன்னு ஜோடியா, கொஞ்சம் சாய்வா உக்காந்திருக்கும். வண்டி மேலயும் கீழயும் ஆடறப்ப ரப்பர் பெரும்பாலும் ஷியர்ல வேலை செய்யும், அதனால மெத்து. பிரேக் போடறப்பவும் இழுக்கறப்பவும் ஆக்சில் முன்னும் பின்னும் போகப் பாக்கும், அப்ப ரப்பர் அமுக்கத்துல வருது, அதனால கெட்டி. பக்கவாட்டுல எவ்வளவு விடணும்ங்கறதை அந்த வி எவ்வளவு விரிஞ்சிருக்குங்கறது தீர்மானிக்கும். மூணு திசைக்கு மூணு கெட்டித்தனம், ஒரே ஸ்பிரிங்ல, தேய்ற பாகம் ஒண்ணு கூட இல்லாம.

இன்னொரு வகை கோன் மாதிரி, வட்டமா ஒண்ணுக்குள்ள ஒண்ணு சொருகின ரப்பரும் ஸ்டீலும், இதுவும் ஆக்சில் பாக்ஸ் மேல வரும். மெட்ரோ, வந்தே பாரத் மாதிரி ஏர் ஸ்பிரிங் வெச்ச வண்டில, காத்துப் பைக்கு கீழயோ உள்ளயோ ஒரு ரப்பர் ஸ்பிரிங் இருக்கும், காத்து போயிட்டா வண்டி அது மேல உக்காந்து வேகம் குறைச்சு போய்ச் சேரும். சாதாரண நாள்லயும் அது சும்மா இருக்காது, ஏர் ஸ்பிரிங்கோட சேர்ந்து வேலை செஞ்சுட்டுதான் இருக்கும்.

நம்ம ஊர் கூட்ஸ் வேகனைப் பாருங்க. அதுக்கு அடில இருக்கறது காஸ்னப் போகி (போகின்னா இங்க பெட்டி இல்ல, ஆக்சில்களைப் பிடிச்சிருக்கற அடி ஃபிரேம்), அதுல வீல் பேரிங் மேல அடாப்டர் உக்காந்திருக்கும், அந்த அடாப்டருக்கும் போகி சைடு ஃபிரேமுக்கும் நடுவுல ஒரு தட்டையான ரப்பர் பேட், ஈஎம் பேட்னு கூப்பிடுவாங்க. 22.9 டன் ஆக்சில் லோடுல ஓடுற பாக்ஸ்என்எச்எல் வேகன்ல ஒவ்வொரு பேட் மேலயும் 10 டன்னுக்கு மேல விழுது. வண்டியைத் தாலாட்டறது அதோட முக்கிய வேலை இல்ல, அதுக்கு காயில் ஸ்பிரிங் தனியா நடுவுல இருக்கு. பேடோட வேலை ஷியர்ல கொஞ்சம் சாஞ்சு குடுத்து, வளைவுல ஆக்சில் தன்னால தண்டவாளத்துக்கு ஏத்த மாதிரி திரும்ப விடறது. அது விட்டாத்தான் வீல் ஃபிளாஞ்ச் ரயிலோட ஒரசித் தேயறது குறையும். உள்ளங்கை கனத்துக்கு ஒரு பேட், அது கெட்டா தேயறது பெரிய சக்கரம். வாரணாசில கட்டின டபிள்யூடிஜி4 டீசல் இன்ஜின்ல பாடியோட வெயிட் போகி மேல இறங்கறதே ரப்பர் ஸ்பிரிங் வழியாத்தான்.

ரோட்டுல, பின்னாடி ரெண்டு ஆக்சில் இருக்கற டிப்பர், கான்கிரீட் மிக்சர் இதுலதான் ரப்பர் சஸ்பென்ஷன் அதிகம். ரெண்டு ஆக்சிலையும் சேத்து ஒரு நீளமான பீம், ஈக்வலைசிங் பீம்னு பேர், நடுவுல அது தராசு மாதிரி ஆடும், அந்த நடு மையத்துக்கும் சேஸிஸுக்கும் இடையில ரப்பர் ஸ்பிரிங். அந்த ரெண்டுல முன்னால இருக்கற ஆக்சில் ஒரு கல்லு மேல ஏறினா பீமோட நடு பாதி உயரம்தான் ஏறும், லோடு ரெண்டு ஆக்சிலுக்கும் பங்காப் போயிடும். மேக்னஸ் ஹென்ட்ரிக்சன் சிகாகோல ஆரம்பிச்ச கம்பெனி இந்த பீமை 1926லயே லாரிக்கு கொண்டு வந்துடுச்சு. இப்ப வர்ற பல டிசைன்ல ரப்பர் கட்டைங்களை சாய்வா வெச்சு அமுக்கமும் ஷியரும் கலந்து வர்ற மாதிரி பண்றாங்க, லோடு ஏற ஏற துணைக்கு இன்னொரு ரப்பர் வந்து தாங்கற மாதிரியும் இருக்கு, வெறும் வண்டிக்கு ஒரு மெத்து, லோடுக்கு ஒரு கெட்டி.

இது ஏதோ நேத்து வந்த டெக்னாலஜின்னு நினைக்காதீங்க. சார்லஸ் குட்இயர் 1839ல கந்தகம் சேத்து ரப்பரை வேக வைக்கற வழியைக் கண்டுபிடிச்ச பத்து வருஷத்துக்குள்ள இங்கிலாந்துல பிராட்ஃபோர்டு ஆன் ஏவன்ங்கற ஊர்ல ஸ்டீபன் மோல்டன் ரப்பர் ஃபேக்டரி போட்டுட்டார், அது பின்னாடி ரயில் பஃபருக்கு ரப்பர் ஸ்பிரிங் செய்யற இடமா வளந்துச்சு. அதே குடும்பத்துல வந்த அலெக்ஸ் மோல்டன்தான் 1959ல வந்த மினி காருக்கு ரப்பர் கோன் சஸ்பென்ஷன் செஞ்சார். அமெரிக்கால 1936ல ஓட ஆரம்பிச்ச பிசிசி டிராம்ல ஸ்பிரிங்கும் ரப்பர், சக்கரத்துக்குள்ளயும் ரப்பர், தெருவுல சத்தம் இல்லாம போச்சு.

நாலாவது படி: உங்க வேலைக்கு இது ஒத்து வருமா

வண்டி வாங்கறவங்களுக்கு நேரா சொல்லிடறேன். க்வாரி, எம்-சாண்ட், மிக்சர், மண் வேலை, இப்படி மோசமான வழியில முழு லோடோட போறதுன்னா ரப்பர் நல்ல தேர்வு. பட்டைக்குப் பட்டை உரசல் இல்ல, கிரீஸ் அடிக்கற இடம் குறைவு, டிப்பர் பாடியைத் தூக்கறப்ப வண்டி பக்கவாட்டுல ஆடறது குறைவு. ஆனா வெறும் வண்டில வரும்போது முதுகுக்கு தெரியும், ரப்பர் லோடுக்குன்னு செஞ்சது, காலியா இருக்கறப்ப அது கெட்டியாத்தான் இருக்கும். முட்டை, கண்ணாடி, எலக்ட்ரானிக்ஸ்னு ஹைவேல மட்டும் ஓட்டறவங்க ஏர் சஸ்பென்ஷன் பக்கம் போங்க. பாதி நாள் காலியா ஓடுற வண்டிக்கும் நான் ரப்பரைச் சொல்ல மாட்டேன்.

இன்னொண்ணு, ரப்பர் கொஞ்சம் அதிர்வை தானே உறிஞ்சும், உண்மைதான், அதுக்காக ரயில்ல ஆட்டத்தை அடக்கற டேம்பரைக் கழட்டிடலாம்னு யாரும் நினைக்க வேண்டாம். ரப்பர் உறிஞ்சறது அத்தனையும் உள்ள சூடா மாறுது, ரப்பர் சூட்டை சீக்கிரம் வெளிய விடாது, தடியான கட்டைக்கு நடுவுல சூடு தங்கிடும். அதனாலதான் ரொம்ப உறிஞ்சற ரப்பரை சஸ்பென்ஷனுக்கு எடுக்கறதில்ல.

அஞ்சாவது படி: செக் பண்றது, இங்கதான் நேரம் செலவு பண்ணுங்க

முதல்ல கழுவுங்க, தண்ணியும் சோப்பும் மட்டும். டீசல், மண்ணெண்ணெய், பெட்ரோல் எதுவும் ரப்பர் பக்கம் போகக் கூடாது. நம்ம பட்டறைல எதையும் டீசல் போட்டு பிரஷ் அடிச்சு கழுவற பழக்கம் ஊறிப்போயிருக்கு, இரும்புக்கு அது சரி, இயற்கை ரப்பருக்கு அது விஷம். நம்பலைன்னா பழைய ரப்பர் புஷ்ல (போல்ட் போற துளைக்குள்ள வர்ற ரப்பர் வளையம்) இருந்து ரெண்டு ஒரே அளவு துண்டு வெட்டுங்க, ஒண்ணை பாட்டில்ல டீசல் ஊத்தி முக்கி வெச்சுட்டு இன்னொண்ணை வெளிய வைங்க, மறுநாள் ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க, ஊறினது உப்பிப் பெருசாயிருக்கும், நகத்தால கீறினா கோடு விழும், ஓரம் கையோட பிஞ்சு வரும். உங்க ஸ்பிரிங்குக்கும் இதேதான் மெதுவா நடக்கும். ஹப் ஆயில் லீக், ஹைட்ராலிக் லீக் எதாவது ரப்பர் மேல சொட்டுதான்னு பாக்கறது அதனாலதான் முதல் வேலை.

கழுவினதும் பிதுங்கல் பாருங்க. சமதளத்துல வண்டி நிக்கணும், லோடு ரெண்டு பக்கமும் சமமா இருக்கணும். ஒவ்வொரு அடுக்கு ரப்பரும் ரெண்டு பிளேட்டுக்கு நடுவுல ஒரே மாதிரி வெளிய தள்ளியிருக்கணும். ஒரு அடுக்கு மட்டும் ரொம்ப பிதுங்கி இருந்தா உள்ள பிளேட்டோட ஒட்டு விட்டிருக்க வாய்ப்பு இருக்கு. ஒரு ஸ்பிரிங் மட்டும் பிதுங்காம ஜம்முனு நின்னா சந்தோஷப்படாதீங்க, அது லோடே எடுக்கலைன்னு அர்த்தம், அதோட பங்கை பக்கத்துல இருக்கறது சுமந்துட்டு இருக்கு. பிளேட் ஓரங்க ஒண்ணுக்கொண்ணு இணையா இருக்கா, இல்ல ஒரு பக்கம் விரிஞ்சிருக்கான்னும் பாருங்க.

க்வாரி வண்டில இதோட சேத்து இன்னொரு வேலை. கல்லுப்பொடியும் சேறும் சேர்ந்து அந்த பிளேட் ஓரத்துல, ரப்பர் பிதுங்கி வர வேண்டிய இடத்துல, சிமெண்ட் மாதிரி இறுகிக் கிடக்கும். டப்பாக்குள்ள வெச்ச அழி ரப்பர் ஞாபகம் இருக்கா, அதேதான் இங்கயும், பிதுங்க வழி இல்லாம ஸ்பிரிங் கெட்டியாயிடும், சேஸிஸுக்கு அடி போகும், கல்லு முனை ரப்பரை அறுத்துட்டே இருக்கும். மரக்குச்சியால நோண்டி எடுத்துட்டு தண்ணி அடிங்க, ஸ்க்ரூ டிரைவரால குத்தி எடுக்காதீங்க. ரப்பர்ல எங்கயாவது பளபளன்னு மெருகேறின இடம் தெரிஞ்சா, பிதுங்கறப்ப அது எதிலயோ போய் உரசுதுன்னு புரிஞ்சுக்கோங்க, உரசற அந்தப் பொருளைத் தேடுங்க.

அடுத்து வெடிப்பு. எல்லா வெடிப்பும் ஒண்ணு இல்ல, புதுசா வர்றவங்க இங்கதான் குழம்புவாங்க. காத்துல இருக்கற ஓசோன் இழுபட்ட ரப்பரைத் தாக்கும், இழுவைக்குக் குறுக்கா கோடு கோடா வெடிக்கும். பிதுங்கின வயித்தோட தோல் இழுபட்டு நிக்கறதால அங்கதான் முதல்ல வரும். வெயில்ல கிடந்த தடிக் கட்டையோட தோல்ல மெல்லிசா வலை மாதிரி வெடிப்பு இருந்தா அது வயசு, நோட்டுல எழுதிட்டு கவனிச்சுட்டு வரலாம். பிளேட்டும் ரப்பரும் சேர்ற கோட்டை ஒட்டி ஓடுற வெடிப்புதான் ஆபத்து. மெல்லிசான ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கற தகடு) எடுத்து அந்த சேர்ற கோட்டோரமா வழிச்சுட்டே போங்க, எங்கயாவது உள்ள நுழைஞ்சா ஒட்டு விட ஆரம்பிச்சிடுச்சு. உள்ள எவ்வளவு ஆழம் போகுது, சுத்தளவுல எவ்வளவு தூரம் போகுதுன்னு அளந்து, அந்த வண்டியோட மேனுவல்ல குடுத்திருக்கற லிமிட்டோட ஒப்பிடுங்க. லிமிட் டிசைனுக்கு டிசைன் மாறும், ஒரு வண்டியோட நம்பரை இன்னொண்ணுக்குப் போடாதீங்க. அந்தக் கோட்டுல துரு கசிஞ்சு பழுப்பா வழிஞ்சிருந்தா உள்ள தண்ணி போயிடுச்சு, அதுக்கு மேல யோசிக்க ஒண்ணும் இல்ல, மாத்துங்க.

ரப்பர் மேல சில சமயம் வெள்ளையா மெழுகு மாதிரி ஒரு படலம் இருக்கும், பூஞ்சைன்னு நினைச்சு தேச்சு எடுக்கறவங்க உண்டு. அது ஓசோனைத் தடுக்கறதுக்காக ரப்பர்ல கலந்த மெழுகு தானா மேல வந்தது, அதை விட்டுடுங்க. அதே மாதிரி அழகுக்காக ரப்பர் மேல பெயிண்ட் அடிக்கறது, கிரீஸ் தடவறது ரெண்டும் வேண்டாம், பெயிண்ட் அடிச்சா அடுத்த தடவை வெடிப்பைப் பாக்கவே முடியாது.

உயரம் அளக்கறது கடைசி, ஆனா இதுதான் வருஷக்கணக்கா பேசும். ரப்பர் லோடு மேல நிக்க நிக்க மெதுவா இறங்கிட்டே இருக்கும், அதுக்கு ஒரு ஒழுங்கு இருக்கு: லோடு ஏத்தின முதல் நிமிஷத்துல இருந்து பத்தாவது நிமிஷம் வரைக்கும் எவ்வளவு இறங்கினதோ கிட்டத்தட்ட அதே அளவுதான் 10ல இருந்து 100 நிமிஷத்துக்குள்ளயும், அதே அளவுதான் 100ல இருந்து 1000 நிமிஷத்துக்குள்ளயும். அதாவது புதுசுல வேகமா இறங்கும், அப்புறம் ரொம்ப ரொம்ப மெதுவா. அதனால மாட்டின அன்னிக்கே அளந்து கம்மியா இருக்குன்னு பதற வேண்டாம், சில நாள் ஓடி செட்டில் ஆனதும் எடுக்கற அளவுதான் உங்க அடிப்படை. அப்புறம் நல்லா செட்டில் ஆன ஸ்பிரிங் திடீர்னு வேகமா இறங்க ஆரம்பிச்சா அது வயசு இல்ல, உள்ள ஏதோ பிரிஞ்சிருக்கு. இடது வலது உயர வித்தியாசத்தையும் சேத்து எழுதுங்க, ரெண்டும் சேர்ந்து இறங்கினா பரவால்ல, ஒண்ணு மட்டும் இறங்கினா விடக்கூடாது.

ரப்பரைப் பாக்கறப்ப அதுக்கு பக்கத்துல இருக்கற இரும்பையும் பாருங்க. ஜெர்மனில எஷெடேங்கற ஊர் பக்கத்துல 1998 ஜூன் 3ம் தேதி ஐசிஇ ரயில் கவுந்து 101 பேர் செத்தாங்க. அந்த வண்டி சக்கரத்துல அதிர்வைக் குறைக்க வெளி வளையத்துக்கும் நடு டிஸ்க்குக்கும் இடையில ரப்பர் வெச்சிருந்தாங்க. ரப்பர் அமைதியாத்தான் வேலை செஞ்சுது, ஆனா அது மெத்துன்னு இருந்ததால வெளி ஸ்டீல் வளையம் ஒவ்வொரு சுத்துக்கும் கொஞ்சம் கொஞ்சம் வளைஞ்சு நிமிர்ந்து, உள்பக்கம் களைப்பு வெடிப்பு விழுந்து கடைசில உடைஞ்சிடுச்சு. அது சஸ்பென்ஷன் ஸ்பிரிங் இல்ல, சக்கரம், இருந்தாலும் பாடம் நமக்கும்தான். ரப்பர் இடம் குடுக்கறப்ப பக்கத்து இரும்பு வளையும், வளையற இரும்புல வெடிப்பு வரும். பிராக்கெட், சேடில், பிளேட் ஓரம், போல்ட் துளை இதையெல்லாம் லைட் அடிச்சுப் பாக்காம செக் முடிஞ்சதுன்னு கையெழுத்து போடாதீங்க.

ஆறாவது படி: வாங்கறதும் வைக்கறதும்

அளவு ஒண்ணா இருக்கு, கருப்பா இருக்கு, விலை பாதின்னு வாங்கினா அது வேற ஸ்பிரிங். கடினம்ங்கற நம்பர்ல கொஞ்சம் மாறினாலும் கெட்டித்தனம் ரொம்ப மாறும்: கடினம் 50 இருக்கற இயற்கை ரப்பரோட ஷியர் மாடுலஸ், அதாவது ஷியர்ல எவ்வளவு கெட்டிங்கற அளவு, சுமார் 0.64 மெகாபாஸ்கல், 60க்குப் போனா 1.06, பத்து பாயிண்ட் ஏறினதுக்கு மூணுல ரெண்டு பங்கு கிட்ட ஏறிடுது. அதனால கடினம் மட்டும் எழுதின சர்ட்டிஃபிகேட் பத்தாது, லோடு வெச்சு எவ்வளவு இறங்கினதுங்கற டெஸ்ட் ரிசல்ட் கேளுங்க. பீஸ் மேல வார்த்த மாசம் வருஷம் இருக்கணும். பழைய டயரை அரைச்சு கலந்த ரப்பர்ல செஞ்சதும் கடைல வரும், பாக்க வித்தியாசம் தெரியாது, சீக்கிரம் இறங்கிடும்.

நல்ல சஸ்பென்ஷன் ரப்பருக்கு இன்னிக்கும் இயற்கை ரப்பரைத்தான் தேடறாங்க. காரணம், அதை இழுக்கறப்ப வெடிப்போட நுனில இருக்கற மூலக்கூறுங்க தானா வரிசை கட்டி படிகம் மாதிரி இறுகிக்கும், வெடிப்பு முன்னால போறதை அதுவே தடுக்கும். செயற்கை ரப்பர் பலதுக்கு இந்த குணம் இல்ல. கன்னியாகுமரி மாவட்டத்துல குலசேகரம் பக்கம் விடியறதுக்கு முன்னாடி ரப்பர் மரத்துல வெட்டி எடுக்கற பாலோட அருமை இதுலதான் இருக்கு. ஆனா எண்ணெய் படற இடம், கடும் ஓசோன் இருக்கற இடம்னா குளோரோப்ரீன் மாதிரி ரப்பருக்குப் போவாங்க, அது மேனுவல் சொல்லட்டும், நம்மளா மாத்த வேண்டாம்.

ஸ்டோர்ல வைக்கறப்ப இருட்டு, குளிர்ச்சி, காத்தோட்டம் கம்மி. வெல்டிங் செட், மோட்டார் ஓடுற இடத்துல ஓசோன் வரும், அங்க வைக்காதீங்க. ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி கீழ இருக்கறதை நசுக்காதீங்க, முதல்ல வந்ததை முதல்ல எடுங்க.

ஏழாவது படி: கழட்டி மாட்டறது

வண்டி காலியா, சமதளத்துல. வீலுக்கு ரெண்டு பக்கமும் கட்டை போட்டுட்டு, ஜாக்கில தூக்கினதும் ஸ்டாண்டு வைக்காம கையை கூட உள்ள விடக்கூடாது, ஜாக்கியை நம்பி யாரும் வண்டிக்கு அடில போக வேண்டாம். செவ்ரான் மாதிரி அமுக்கி வெச்சு மாட்டின ஸ்பிரிங்ல சக்தி தேங்கி நிக்கும், அதுக்குன்னு இருக்கற டூல் இல்லாம போல்ட்டைக் கழட்டினா தெறிக்கும்.

துரு பிடிச்ச போல்ட்டை கேஸ் கட்டர்ல அறுக்கறப்ப ரப்பர் பக்கத்துல இருந்தா ஈர சாக்கு போட்டு மூடுங்க. அந்த ஸ்பிரிங் திரும்ப மாட்டப்போறதா இருந்தா கேஸ் பக்கத்துலயே கொண்டு வராதீங்க, சூடு பட்ட ஒட்டு வெளில தெரியாம விட்டிருக்கும். பழைய புஷ்ஷை நெருப்பு வெச்சு எரிச்சு எடுக்கறது நிறைய இடத்துல நடக்குது, அந்தப் புகை நுரையீரலுக்கு கெடுதல், ஹவுசிங்கும் கெடும், பிரஸ்ல தள்ளி எடுங்க. புதுசை ஏத்தறப்ப வழுக்க சோப்புத் தண்ணி போதும், கிரீஸ் கூடாது.

சேர்ற முகத்தை கம்பி பிரஷ் போட்டு சுத்தம் பண்ணுங்க, பெயிண்ட் கட்டி, துரு எதுவும் நடுவுல நிக்கக் கூடாது, ஸ்பிரிங் சாஞ்சு உக்காந்தா ஒரு ஓரம் மட்டும் பிதுங்கி அங்க இருந்துதான் கிழிய ஆரம்பிக்கும். ஒரு ஆக்சில்ல ஒரு பக்கம் மட்டும் புதுசு போடாதீங்க, பழசு இறங்கி நிக்கும், புதுசு உயரமா நிக்கும், வண்டி சாயும், புதுசு அதிக லோடு எடுக்கும். ரயில்ல இதுக்காகவே ஸ்பிரிங்குகளை உயரம், கெட்டித்தனம் பாத்து குரூப் பிரிச்சு ஒரே குரூப்ல இருந்து போகிக்கு எடுப்பாங்க, மீதி வித்தியாசத்துக்கு ஷிம், அதாவது மெல்லிசான தகடு, போடுவாங்க.

டார்க் ராடு (ஆக்சிலை சேஸிஸோட இழுத்துப் பிடிக்கற ராடு), பீம் நடு புஷ் இதுல ஒரு விஷயம் இருக்கு, ரொம்ப பேர் கவனிக்கறதில்ல. வண்டி ஜாக்கில தொங்கறப்ப போல்ட்டை முழுசா இறுக்காதீங்க. ரப்பர் புஷ் சுத்தாது, முறுக்கும். தொங்கற நிலைல இறுக்கினா வண்டி கீழ இறங்கினதும் புஷ் நிரந்தரமா முறுக்குலயே நிக்கும், ஓடறப்ப வர்ற முறுக்கு அதுக்கு மேல சேரும், சீக்கிரம் கிழிஞ்சிடும். கைல ஏத்தி விட்டுட்டு, வண்டியைத் தரைல இறக்கி, அது ஓடற உயரத்துல நின்னதுக்கு அப்புறம் டார்க் ரெஞ்ச் போட்டு மேனுவல்ல சொன்ன அளவுக்கு இறுக்குங்க. கழட்டின லாக் நட்டை திரும்பப் போடாதீங்க.

மாட்டி முடிச்சதும் வீல் அலைன்மென்ட் பாத்துடுங்க, ரப்பரோட உயரம் மாறினா ஆக்சில் உக்கார்ற இடமும் கொஞ்சம் மாறும். கொஞ்ச நாள் ஓடினதும் வண்டியைத் திரும்ப வரச்சொல்லி போல்ட் இறுக்கம் செக் பண்ணுங்க, அன்னிக்கே நாலு மூலை உயரத்தையும் அளந்து வார்த்த தேதி, மாட்டின தேதி, கிலோமீட்டரோட சேத்து அந்த வண்டிக்குன்னு ஒரு நோட்டுல எழுதி வெச்சிடுங்க, அடுத்த செக்குக்கு நீங்க இல்லாம வேற ஒருத்தர் வந்தாலும் எதோட ஒப்பிடணும்னு அவருக்குத் தெரியும்.